அது கோபுரம் இல்லை

தருமபுரி நாலு ரோட்டுக்குப் பக்கம்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை.
உள்ளே நான், எழுபத்தெட்டு டாரட் சீட்டுகள்,
இரைச்சல் போடும் மின்விசிறி.
ஒரு தடவைக்கு முந்நூறு ரூபாய்.
சீட்டு பறக்கும் என்று
விரிக்கும்போது விசிறியை நிறுத்திவிடுவேன்.
வியர்வையோடுதான் எல்லோரும் எதிர்காலம் கேட்கிறார்கள்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட முதல் பாடம்:
படத்தை நம்பாதே.
மரணச் சீட்டு வந்தால் மரணம் இல்லை,
ஒன்று முடிகிறது, அவ்வளவுதான்.
தலைகீழாய்த் தொங்குகிறவனுக்குத் தண்டனை இல்லை,
வேறு கோணத்தில் பார்க்கிறான்.
இதைச் சொல்வதற்கென்றே
பல் டாக்டர் மாதிரி ஒரு புன்னகை வைத்திருக்கிறேன்.

நல்லம்பள்ளி பச்சையம்மாளுக்கு
இதயத்தில் மூன்று வாள் இறங்கிய சீட்டு.
மனசு உடைஞ்சிருக்கீங்க, யாரோ துரோகம், என்றேன்.
அவள் படத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.
"போன மாசம் வீட்டுக்காரருக்கு
சேலத்துல மூணு ஸ்டென்ட் வச்சாங்க.
எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு."
முந்நூறு வாங்கவில்லை என்று எழுத ஆசை.
வாங்கினேன்.

பிறகு மாதேஷ்.
நகக்கண்ணில் கிரீஸ், பைக்குள் கொக்கிகளின் சத்தம்.
செல்போன் டவர் ஏறுகிற வேலை.
கேட்க வந்ததோ கல்யாணம்:
பென்னாகரத்துப் பெண் சரி என்கிறாள்,
அவள் அப்பாதான் உயரத்தை நினைத்து யோசிக்கிறார்.
குலைத்தான், எடுத்தான்.
திருப்பினேன்.
இடி விழுந்த கோபுரம்.
உச்சியிலிருந்து இரண்டு பேர்
தலை கீழே வர விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

விசிறி நின்றிருந்தது.
கீழே மிஷின் யாருடைய பட்டாவையோ
திரும்பத் திரும்ப நகலெடுத்தது.

"இது கோபுரம் இல்லை" என்றேன்.
"நாம கட்டி வச்ச பொய் நம்பிக்கை.
இடியுது. இடியட்டும். அவர் மனசு மாறும்."
அவன் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து
வேலைக்காரன் கண்ணால் பார்த்தான்.
"ரெண்டு பேருமே பெல்ட் போடலக்கா."
சிரித்தான். நானும்.
"நாளைக்குத் தொப்பூர் கணவாய் மேல, நாப்பது மீட்டர்.
முடிச்சிட்டு வந்து சொல்றேன்."
இரண்டு நூறு, இரண்டு ஐம்பது.
ஐம்பதில் ஒன்று கிழிந்து ஒட்டியது.

இரவு ஆடிக்காற்று தகரத்தைத் தட்டியது.
கோபுரம் இல்லை, கோபுரம் இல்லை என்று
படுத்தபடியே சொல்லிப் பார்த்தேன்.
எழுபத்தெட்டுக்கும் உள்ளர்த்தம் தெரிந்தவள்
விழுகிறவனை, விழுகிறான் என்று சொல்ல
இன்னும் எவ்வளவு கேட்டிருப்பேன்?

ஆறரைக்குப் போன் போட்டேன்.
முதலில் காற்று.
லாரிகள் கியர் குறைத்து இறங்கும் முனகல்.
அப்புறம் அவன்.
"பெல்ட்டைப் பாரு. கொக்கி, தையல், எல்லாம்."
"நீங்கதானக்கா அது கோபுரம் இல்லைன்னீங்க?"
"இல்லைதான். பாரு."
இரும்பில் இரும்பு உரசியது.
தையல் விட்டிருக்கு என்றானா,
விட்டிருக்காது என்றானா,
சிக்னல் போய்விட்டது.
அவனே அணைத்து வைத்த டவர்.

ஆவணியில் பத்திரிகையோடு வந்தான்.
மஞ்சள் தடவிய நான்கு மூலை,
பெண்ணின் பெயர் அவன் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.
பெல்ட்டைப் பற்றி நான் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.
டீ வாங்கிக் கொடுத்தேன்.

இன்று பாலக்கோட்டிலிருந்து ஒருவர்,
தக்காளி மண்டி வைத்திருக்கிறாராம்.
மரணச் சீட்டு வந்தது.
வெள்ளைக் குதிரை மேல் எலும்புக்கூடு.
என் உதடு பழக்கத்தில் புன்னகைக்கு வளைந்தது,
பாதியில் நிறுத்தினேன்.
"அண்ணே, மொதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன்.
உங்க பக்கம் யார்கிட்டயாவது
வெள்ளைக் குதிரை இருக்கா?"